லினக்ஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குதல்

ஓர் ஊரில் இருக்கும் லினக்ஸ் கணினியின் திரையை வேறோர் ஊரில் இருப்பவர் தம் திரையில் கண்டு, தம் விசைப்பலகையாலும் மவுஸாலும் அதைக் கையாளும் ஏற்பாடு இது. பேச்சு வழக்கில் 'ரிமோட் டெஸ்க்டாப்'. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள வளப்பூர் நாடு போன்ற பகுதிகளில்தான் இதன் அருமை முழுமையாகத் தெரியும். காரவள்ளி வழியாக மலையேறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால்தான் அறப்பளீசுவரர் கோயில் இருக்கும் அந்த நாடு. ஒரு மென்பொருளைச் சரிசெய்ய ஆள் ஏறி இறங்குவதற்குள் ஒரு நாள் போய்விடும். மெதுவான, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பில் எதைச் செய்ய முடியும் என்ற கேள்வியோடு பார்த்தால், இந்த நுட்பத்தின் வரலாறு மலைக்கு மிக நெருக்கமானது.

தொடக்கம் அமெரிக்காவின் எம்ஐடி. அங்கு 1984இல் உருவான எக்ஸ் சாளர முறை, நிரல் ஒரு கணினியிலும் அதன் சாளரம் இன்னொரு கணினியிலுமாக இயங்க இடம் தந்தது. 1987இல் வந்த எக்ஸ்11 பதிப்பே பின்னர் லினக்ஸின் வரைகலைக்கு அடித்தளமாயிற்று. ஆனால் அது வளாகத்துக்குள் ஓடும் வேகமான கம்பிகளை நம்பிப் பிறந்தது. ஒரு பட்டியைத் திறப்பதற்கே இரு கணினிகளுக்கும் இடையே பல முறை கேள்வியும் பதிலும் போய்வர வேண்டும். இணைப்பு அறுந்தால் அந்த நிரலும் அதோடு முடிந்துவிடும். சேமிக்காத வேலை போய்விடும்.

இந்தக் குறையைத் தீர்த்தது கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வுக்கூடம். 1998இல் வெளியான விஎன்சி, நிரலின் கட்டளைகளை அனுப்பாமல் திரையின் படத்தையே அனுப்பியது; அதிலும் மாறிய பகுதியை மட்டும். லினக்ஸில் விஎன்சி சேவையகம் ஒரு மெய்நிகர்த் திரையையே உருவாக்கிக்கொள்ளும். கணினியோடு மானிட்டர் இணைந்திருக்க வேண்டியதில்லை. பார்ப்பவரின் இணைப்பு அறுந்தாலும் திறந்த கோப்பு திறந்தபடியே இருக்கும். மறுபடி இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மழைக்காலத்தில் சிக்னல் போய்ப்போய் வரும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பண்பு இல்லை. 2003இல் நோமெஷின் நிறுவனம் வெளியிட்ட என்எக்ஸ், வேறொரு வழியில் போனது. எக்ஸின் தரவைச் சுருக்கி, போய்வரும் முறைகளையும் குறைத்து, தொலைபேசிக் கம்பி மோடத்திலும் லினக்ஸ் மேசையைப் பயன்படுத்த வைத்தது. இன்றைய எக்ஸ்2கோ அதன் வழித்தோன்றல்.

மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி நெறிமுறையை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது எக்ஸ்ஆர்டிபி என்ற கட்டற்ற மென்பொருள். விண்டோஸ் கணினியில் இருப்பவர் கூடுதலாக எதையும் நிறுவாமல் லினக்ஸுக்குள் நுழையலாம். அதே பயனர் அந்தக் கணினியில் நேரடியாகவும் உள்நுழைந்திருந்தால் பல நேரம் கறுப்புத் திரைதான் கிடைக்கும். முதலில் அவரை வெளியேறச் சொல்ல வேண்டும்.

பாதுகாப்பு பின்னால் வந்த அக்கறை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, டாட்டு யுலோனன் 1995இல் எஸ்எஸ்எச் என்ற மறையாக்கத் தொடர்பு முறையை எழுதினார். விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். ஆகவே விஎன்சியின் 5900 போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்துவைப்பது தவறு. எஸ்எஸ்எச் சுரங்கத்தின் வழியே மட்டும் விட வேண்டும்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் பரவியதற்கு அரசு நிறுவனங்களும் தன்னார்வலர்களும் காரணம். சென்னை சி-டாக் 2007இல் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸைக் கொண்டுவர முனைந்தது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்ந்தே வந்தது. இயக்குதளம் போய்ச் சேர்ந்த வேகத்தில் அதைப் பராமரிக்கும் அறிவு போய்ச் சேரவில்லை என்பதே அக்காலத்தின் பெருங்குறை. 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இதழ், அந்த இடைவெளியைக் குறைக்க உழைத்தது. தமிழ்நாட்டைத் தளமாகக் கொண்ட சோஹோவின் அசிஸ்ட் மென்பொருளும் லினக்ஸ் கணினிகளைத் தொலைவிலிருந்து பழுதுபார்க்க உதவுகிறது.

எக்ஸின் இடத்தை இப்போது வேலாண்ட் பிடித்துவருகிறது. ஒரு நிரல் முழுத்திரையையும் கேட்காமல் படம் எடுப்பதை அது தடுப்பதால், பழைய திரைப்பகிர்வுக் கருவிகள் பல செயலிழந்தன. 2024இல் வந்த க்னோம் 46 மேசைச் சூழல், ஆர்டிபி வழியே நேரடியாக உள்நுழையும் வசதியைத் தானே தந்தது. உபுண்டு 24.04 வைத்திருப்பவர்கள் அமைப்புகள் பக்கத்திலேயே இதை இயக்கலாம்.

மலைப்பகுதியில் வரும் சிக்கல் வேறு. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல பயனர்களுக்குப் பகிர்ந்து தருவதால், வெளியிலிருந்து அந்தக் கணினியின் கதவைத் தட்டவே முடியாது. மலையில் இருக்கும் கணினியே வெளியே உள்ள ஒரு சேவையகத்துக்கு இணைப்பை ஏற்படுத்தி வைத்திருக்க வேண்டும். எஸ்எஸ்எச் தலைகீழ்ச் சுரங்கம் அதற்குப் போதும். 2020இல் லினக்ஸ் கர்னலிலேயே சேர்ந்த வயர்கார்டு என்ற மெய்நிகர்த் தனிப்பிணையம் (விபிஎன்) இன்னும் எளிது. நிறங்களைக் குறைத்து, மேசைப் பின்னணிப் படத்தை நீக்கிவிட்டால் திரை வேகமாக நகரும். தமிழ்99 விசைப்பலகையைத் தொலைவில் உள்ள கணினியில் நிறுவி, அருகில் உள்ளதை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது நல்லது. இரண்டிலும் தமிழை வைத்தால் எழுத்துகள் குழம்பக்கூடும்.

இதை அமைக்கப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். மின்சாரம் போய்த் திரும்பியதும் கணினி தானே இயங்கும்படி பயாஸில் மாற்றுங்கள். சுரங்கமும் கணினியோடு தானே தொடங்கட்டும். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, இணைப்பு வருகிறதா என்று பார்த்த பிறகே மலையிறங்குங்கள்.