'நேரம் இல்லை' என்று சொல்ல முன்னர் மானிப்பாய் டொக்டரை ஒருக்கா நினைப்போம்



போன கிழமை உயர்தர மாணவன் ஒருவன் என்னிடம் சொன்னான்: "சேர், படிக்க விருப்பம்தான். நேரம்தான் காணாது." அவனுக்கு அறிவுரை சொல்ல வாயெடுத்தேன், நா எழவில்லை. சோனகத் தெருவின் பழைய நினைவுகளைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று ஐந்து வருடமாக நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். கொப்பியில் நான்கு பக்கம்தான் நிரம்பியிருக்கிறது.

அதனால் இன்று மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் பெயர் கொடுத்த டொக்டர் சாமுவேல் கிறீனைப் பற்றி எழுதுகிறேன்.

1822இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸில் பிறந்தவர். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடம் மானிப்பாயில் வேலையைத் தொடங்கினார். ஒரு டொக்டர், சுற்றிவர எத்தனையோ கிராமங்கள். இரவு பகலாக நோயாளிகளைப் பார்த்தாலும் தீராது. 'நேரம் இல்லை' என்று சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

அவர் என்ன செய்தார்? நோயாளியைப் பார்க்கும் நேரத்திலிருந்து ஒரு பகுதியை வெட்டி, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். அன்றைய கணக்கில் அது நட்டம். ஆனால் அவர் இங்கிருந்து போகும்போது, அவரிடம் படித்த அறுபதுக்கும் மேற்பட்டோர் வைத்தியர்களாகியிருந்தார்கள்.

இரண்டாவது, ஒரே வேலையைத் தெரிந்தெடுத்து அதையே பிடித்துக்கொண்டார். மேலைத்தேய மருத்துவம் தமிழில் இருக்க வேண்டும் என்பதே அந்த வேலை. 1864 அளவில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். 1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. இங்கிலாந்தில் 1858இல் முதலில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. அவரும் மாணவர்களுமாகத் தமிழாக்கியவை நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது அவர் கலைச்சொல்லுக்கு வைத்திருந்த ஒழுங்கு. முதலில் தமிழில் சொல் தேடுவது, இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில், அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. அவருடைய இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'! இன்று சிரிப்பு வரலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் புதிதாகத் தலையை உடைத்துக்கொண்டிருந்தால் முதல் நூலே முடிந்திருக்காது. ஒருமுறை தீர்மானித்த ஒழுங்கு, ஆயிரம் முறை யோசிக்கிற நேரத்தை மிச்சம் பிடித்தது.

அவர் இரும்பால் ஆன மனிதரும் இல்லை. வந்து பத்து வருடத்தில், 1857இல், உடல்நலம் குன்றி ஊர் திரும்பினார்.  1862இல் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1873இல் ஒரேயடியாக அமெரிக்கா போன பிறகும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 'கெமிஸ்தம்' 1875இலும், 'மனுஷ சுகரணம்' 1883இலும் வந்தன. 1884இல் காலமானார்.

இனி எங்களிடம் வருகிறேன்.

1990 ஒக்டோபர் 30. யாழ் நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் உம்மாமார் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள்? எந்த வளவில் யார் இருந்தார்கள், எந்தக் கடை யாருடையது? நான் பிறந்தது புத்தளத்தில், முகாமில். எனக்கு இதெல்லாம் கேள்விச் செவிதான். நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருடம் மட்டும் நான் 'பிறகு கேட்கலாம்' என்று வைத்திருந்த இரண்டு பேரின் ஜனாஸாவுக்குப் போனேன்.

ஐந்து வேளைத் தொழுகை நாளை எங்களுக்குப் பிரித்தே தந்திருக்கிறது. இஷாவுக்குப் பிறகு போனைத் தூக்கினால் பதினொரு மணி எப்படி வந்தது என்று தெரிவதில்லை. அதில் அரை மணித்தியாலம் போதும். கிழமைக்கு மூன்று நாள் என்றாலும் வருடத்தில் எழுபத்தைந்து மணித்தியாலத்துக்கு மேல் வரும்.

நானும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். திங்கள், புதன், சனி. போன் வீட்டில். ஒரு பெரியவர், நாலு கேள்வி: வீடு எங்கே, பக்கத்து வீட்டார் யார், என்ன தொழில், அன்று கையில் எடுத்துப் போனது என்ன. கேட்டதை அன்றிரவே எழுதுவது. நோய், விருந்து என்று ஒரு கிழமை தவறினால், அடுத்த கிழமை விட்ட இடத்திலிருந்து.

தனியாக என்னால் முடியாது. உங்கள் வீட்டில் அறுபது தாண்டிய ஒருவர் இருந்தால், அந்த நாலு கேள்வியையும் நீங்களே கேட்டு எழுதுங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலைப்பட வேண்டாம், திருத்துவது என் வேலை. அந்த உயர்தர மாணவனும் தன் உம்மாவின் வாப்பாவிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இன்ஷா அல்லாஹ், இந்தச் சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு தொடங்குகிறேன்.