1000 மாணவர்களில் ஜெயித்தது எத்தனை பேர்? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து சர்ஜன்களின் மறுபக்கம்

நம்ம ஊர் மருத்துவமனை போர்டுகளில் சில டாக்டர்களின் பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.சி.எஸ். என்ற எழுத்துகளைப் பார்த்திருப்போம். இங்கிலாந்தில் இந்தப் பட்டம் வந்தது 1843ல். முதலில் பெற்றவர்கள் 300 பேர்தான்.

அந்தக் காலத்தில் சர்ஜன் ஆகணும்னு லண்டனுக்கு வந்த மாணவர்கள் எல்லாரும் இப்படி உச்சம் தொட்டார்களா? இந்தக் கேள்விக்கு 1869ல் ஒரு சர்ஜனே கணக்கெடுத்துப் பதில் சொன்னார். அவர் பெயர் ஜேம்ஸ் பேஜெட். அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சர்ஜன் என்றால் யார்?

அப்போது இங்கிலாந்தில் மருத்துவர்கள் மூன்று வகை. பல்கலைக்கழகத்தில் படித்த 'பிசிஷியன்'கள் முதலிடம். அவர்கள்தான் 'டாக்டர்'. கத்தியைக் கையில் எடுக்கும் சர்ஜன்கள் அடுத்த இடம். மருந்து கலந்து கொடுக்கும் 'அப்போதிகரி'கள் மூன்றாமிடம்.

லண்டனில் சர்ஜன்களும் முடிதிருத்துபவர்களும் 1745 வரை ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். 1800ல்தான் சர்ஜன்களின் அமைப்புக்கு 'ராயல் காலேஜ்' அந்தஸ்து கிடைத்தது. பல்கலைக்கழகப் பட்டம் தேவைப்படாததால் அவர்களை 'மிஸ்டர்' என்றே அழைத்தார்கள். பிரிட்டனில் இன்றும் சர்ஜன்களை 'மிஸ்டர்' என்று அழைப்பது இதனால்தான்.

எல்லா சர்ஜன்களும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள் என நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவர்கள் சர்ஜன் தேர்வையும் அப்போதிகரி உரிமத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு சிறு ஊர்களில் வைத்தியம் பார்த்தவர்கள். பல் பிடுங்குவது, எலும்பு கட்டுவது, பிரசவம் பார்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாமே அவர்கள் வேலைதான்.

படிப்பு எப்படி இருந்தது?

அப்போதிகரி உரிமம் வாங்க 5 ஆண்டுகள் ஒருவரிடம் தொழில் பழக வேண்டும் என்று 1815ல் சட்டம் வந்தது. அதன்பிறகு லண்டனில் பார்ட்ஸ் எனப்படும் செயின்ட் பார்த்தலோமியூஸ், கைஸ் போன்ற மருத்துவமனைகளில் படிப்பு.

உடற்கூறு படிக்க உடல்கள் வேண்டுமே? தூக்கிலிடப்பட்ட கொலைக் குற்றவாளிகளின் உடல்கள் மட்டும்தான் சட்டப்படி கிடைத்தன. அது போதவில்லை. கல்லறையைத் தோண்டி உடலைத் திருடி விற்க ஒரு கூட்டமே இருந்தது. 1832ல் வந்த உடற்கூறியல் சட்டம், உரிமை கோர யாரும் வராத உடல்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது. அவற்றில் பெரும்பாலானவை ஏழைகள் விடுதிகளில் இறந்தவர்களின் உடல்கள்.

மயக்க மருந்தும் அப்போது கிடையாது. ராபர்ட் லிஸ்டன் என்ற சர்ஜன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலை அகற்றியது 1846 டிசம்பர் 21ஆம் தேதி. அதுவரை வேகம்தான் சர்ஜனின் பெரிய திறமை.

பதவி யாருக்குக் கிடைத்தது?

பெரிய மருத்துவமனையில் சர்ஜன் பதவி கிடைக்க, கைத்திறன் மட்டும் போதாது. பணமும் சொந்தபந்தமும் வேண்டும். மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையிலிருந்த கட்டியை அகற்றிப் 'பாரோனெட்' பட்டம் வாங்கியவர் ஆஸ்ட்லி கூப்பர். கைஸ் மருத்துவமனையில் அவர் கை ஓங்கியிருந்தது. அங்கே அவரது அண்ணன் மகன் பிரான்ஸ்பி கூப்பரும் சர்ஜன்.

1828ல் சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்க பிரான்ஸ்பி செய்த ஆபரேஷன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இழுத்தது. திறமையான கைகளுக்கு அது சில நிமிட வேலை. நோயாளி இறந்துபோனார். உறவுக்காரர் என்பதால்தான் இவருக்குப் பதவி என்று 'தி லான்செட்' இதழ் வெளுத்து வாங்கியது. பிரான்ஸ்பி 2,000 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார். ஜெயித்தார், ஆனால் கிடைத்தது 100 பவுண்டுதான்.

யார் இந்த பேஜெட்?

1814ல் கிரேட் யார்மவுத் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா மது ஆலை நடத்தியவர், தொழிலில் நொடித்துப்போனார். மாணவராக இருக்கும்போதே, 1835ல், மனிதத் தசையில் வாழும் டிரிக்கினா புழுவைக் கண்டுபிடித்தார் பேஜெட்.

ஆனாலும் கையில் காசில்லை. பணம் கட்டிச் சேர வேண்டிய 'டிரஸ்ஸர்' பயிற்சிக்குப் போக முடியவில்லை. மருத்துவப் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை, அருங்காட்சியக வேலை எனக் காலம் தள்ளினார். நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கே 8 ஆண்டுகள் காத்திருந்தார். 1847ல் பார்ட்ஸில் உதவி சர்ஜன் பதவிக்குப் போட்டியிட்டபோது, 'இவர் டிரஸ்ஸராகவே இருந்ததில்லையே' என்று எதிர்ப்பு கிளம்பியது. அதையும் மீறி ஜெயித்தார். பின்னாளில் விக்டோரியா ராணியின் சர்ஜன்களில் ஒருவரானார்.

அந்த 1000 பேர் என்ன ஆனார்கள்?

பார்ட்ஸில் தன்னிடம் படித்த 1000 பேரின் கதையை பேஜெட் இப்படிப் பிரித்தார்:

• மிகச் சிறந்த வெற்றி - 23 பேர்
• கணிசமான வெற்றி - 66 பேர்
• ஓரளவு வெற்றி - 507 பேர்
• மிகக் குறைந்த வெற்றி - 124 பேர்
• முழுத் தோல்வி - 56 பேர்
• தொழிலை விட்டவர்கள் - 96 பேர்
• தொழில் தொடங்கி 12 ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் - 87 பேர்
• படிக்கும்போதே இறந்தவர்கள் - 41 பேர்

அதாவது, பேர் சொல்லும்படி ஜெயித்தவர்கள் 89 பேர். இளம் வயதிலேயே இறந்தவர்கள் 128 பேர்.

எல்லா மரணத்துக்கும் தொழில்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காசநோய் இளைஞர்களை வாரிக்கொண்டு போன காலம் அது. ஆனால் மருத்துவமனையும் ஆபத்தான இடம்தான். காய்ச்சல் வார்டில் நோய் தொற்றும். ரப்பர் கையுறை இல்லாமல் பிணத்தை அறுக்கும்போது விரலில் ஒரு சின்னக் கீறல் பட்டாலே உயிர் போகலாம். காயத்தில் கிருமி நுழையாமல் தடுக்க கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டதே 1867ல்தான்.

பேஜெட்டும் இதற்குத் தப்பவில்லை. 1871ல் பிரேதப் பரிசோதனையின்போது தொற்று ஏற்பட்டு, சாவின் விளிம்புக்குப் போய் மீண்டார். அதே ஆண்டு பார்ட்ஸ் சர்ஜன் பதவியிலிருந்து விலகினார்.

பேஜெட் சொன்ன முடிவு என்ன?

உதவிகளையும் தடைகளையும் விட, ஒரு மாணவரின் குணமும் மன உறுதியும்தான் அவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்றார் பேஜெட். கஷ்டப்பட்டு மேலே வந்தவர் அப்படிச் சொன்னதில் ஆச்சரியமில்லை. குணம் கெட்டவர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. நண்பரை விஷம் வைத்துக் கொன்றதாக 1856ல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பால்மரும் பார்ட்ஸில் படித்து சர்ஜன் தேர்வில் தேறியவர்தான்.

ஆனால் படிக்கும்போதே இறந்துபோன அந்த 41 பேரின் குணத்தையும் உறுதியையும் சோதித்துப் பார்க்க, வாழ்க்கை அவர்களுக்கு அவகாசமே தரவில்லை. பேஜெட்டின் முடிவைப் படிக்கும்போது, அவரே எழுதிவைத்த இந்த எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.