காலா அசாருக்குப் பின் வரும் சரும வியாதி

வங்காளத்திலும் பீகாரிலும் அஸ்ஸாமிலும் காலா அசார் என்று மக்கள் அஞ்சிய ஜுரம், மண்ணீரலை வீங்கச் செய்து தேகத்தை உருக்கி, மருந்தறியாத காலத்தில் தான் பற்றியவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்று தீர்த்தது. மணல் ஈயினால் பரவும் அந்நோயின் கிருமியை 1903-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லீஷ்மனும், சென்னைப் பொது மருத்துவமனையில் டானவனும் தனித்தனியே கண்டு வெளியிட்டமையால், அதன் விஞ்ஞானப் பெயரில் இருவர் நாமமும் இணைந்து நிலைத்தன.

பிரேசிலில் காஸ்பர் வியன்னா என்னும் இளம் வைத்தியர், அவ்வினக் கிருமி வேறொன்றால் உண்டாகும் தோற்புண்களுக்கு டார்ட்டார் எமெட்டிக் என்ற ஆன்டிமனி உப்பை இரத்தநாளத்தில் ஏற்றிக் குணம் கண்டதை 1912-இல் அறிவித்தார். சில ஆண்டுகளில் அம்மருந்து கல்கத்தாவில் காலா அசாருக்கும் பிரயோகமாயிற்று. உயிரைக் காத்த அவ்வுப்பு வாந்தியாலும் இருமலாலும் நோயாளியை வதைத்தது. அவ்வதையைக் குறைக்க முற்பட்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரி, காம்ப்பெல் மருத்துவமனையில் வசதியற்ற ஒரு சிற்றறையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்து, 1920-இல் யூரியா ஸ்டிபமைன் என்னும் ஊசி மருந்தை ஆக்கித் தந்தார். எண்ணற்ற குடும்பங்கள் அதனால் பிழைத்தன.

அவரே 1922-இல் மற்றொன்றையும் கண்டெழுதினார். ஜுரம் தீர்ந்தவர் சிலரின் சருமத்தில், மாதங்களோ ஆண்டுகளோ சென்ற பின், வெளிறிய தேமல்களும் முகத்தில் முண்டுகளும் தோன்ற, அவற்றினுள் அதே கிருமி உயிரோடிருந்தது. வலியோ காய்ச்சலோ இல்லை. உழவன் வயலுக்குப் போகிறான், பெண் அடுப்படியில் வேலை செய்கிறாள். குஷ்டமோ என்று அயலார் ஒதுங்குவதுதான் அவர்கள் பட்ட துன்பம். ஆயினும் அத்தேமலிலிருந்து இரத்தம் உறிஞ்சும் மணல் ஈ, அடுத்த வீட்டாருக்கு மீண்டும் காலா அசாரைக் கொண்டு சேர்க்க வல்லது. ஊர் முழுவதும் ஓய்ந்ததாக எண்ணிய நோய் தங்கியிருக்கும் களஞ்சியம் இதுவே.

இச்சரும வியாதிக்கெனப் பிற்காலத்தில் வழங்கிய ஆன்டிமனி ஊசியைத் தினந்தோறும் ஏறக்குறைய நான்கு மாதம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நலமாக நடமாடும் ஒருவர், கூலியை இழந்து நாள்தோறும் சுகாதார நிலையத்துக்கு நடந்து, தசை நோவையும் இருதயத்துக்கு நேரக்கூடிய ஆபத்தையும் பொறுத்து அதை முடிப்பார் என எதிர்பார்த்தது மனிதர்மேல் சுமத்திய பெருங்கொடுமை என்றே நான் கருதுகிறேன். போதாக்குறைக்கு, வட பீகாரில் அம்மருந்துக்குக் கிருமியே அடங்க மறுத்தது.

ஆகையால், ஜெர்மனியில் புற்றுநோய்க்கென ஆராயப்பட்டு, 2002-இல் இந்தியாவில் காலா அசாருக்கு அனுமதி பெற்ற மில்டெஃபோசின், வாய்வழி உட்கொள்ளும் முதல் மருந்தென்ற பெருமையோடு வந்தபோது, சரும வியாதிக்கும் அதையே நாடினார்கள். பன்னிரண்டு வாரம் வீட்டிலிருந்தே உண்ணலாம் என்பது பேருதவியாகும். எனினும் ஊசிக்கு மருத்துவப் பணியாளர் சாட்சி. மாத்திரைக்கு நோயாளியின் மனமே சாட்சி. வயிறு குமட்டும்போது பாதியில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி அம்மருந்தையும் எதிர்க்கப் பழகும். கருவுக்குத் தீங்கு செய்வதாதலால், கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் மருந்து நிறுத்திய பின்னும் சில மாதம் கருத்தடை கைக்கொள்ள வேண்டும். நெடுநாள் உட்கொண்ட சிலருக்குக் கண்ணில் அழற்சி உண்டாகிப் பார்வை கெட்டதும் தெரியவந்த பிறகு, கண் சிவந்தாலோ வலித்தாலோ மருந்தை நிறுத்தி உடனே வரும்படி, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியனுப்புவது வைத்தியரின் கடமையாயிற்று.