ஒளிவினையூக்கம்

ஒளியை உறிஞ்சும் ஒரு திண்மப் பொருள், தான் தேயாமல், தன்னைத் தொட்டிருக்கும் நீரிலோ காற்றிலோ வேதிவினையை நடத்தித் தருவது ஒளிவினையூக்கம். கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கவும் வேதிப் பொறியாளர்கள் இதை நாடுகிறார்கள். இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட பொருள், வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கப்படும் டைட்டானியம் டைஆக்சைடு.

வினை முதலில் கவனத்துக்கு வந்ததும் பெயின்ட்டில்தான், அதுவும் ஒரு தொல்லையாக. வெயிலில் நின்ற வெள்ளைச் சுவர்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் பொடி உதிர்த்தன. 1938இல் குடீவ், கிச்சனர் ஆகிய இருவரும் இந்த ஆக்சைடு ஒளி பட்டால் சாயங்களை வெளுக்கச் செய்வதைக் காட்டினர். பெயின்ட் தொழில் இதற்குக் கண்ட மருந்து, நிறமித் துகள்களின் மேல் சிலிக்கா, அலுமினா உறை போட்டு வினையை அடக்கிவிடுவது. இன்றும் அதுவே வழக்கம்.

1960களின் இறுதியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவிடம் ஆய்வு மாணவராக இருந்தார் அகிரா ஃபுஜிஷிமா. டைட்டானியம் டைஆக்சைடின் ஒரு வடிவமான ரூட்டைல் படிகத்தையும் பிளாட்டினத்தையும் மின்முனைகளாக நீரில் இறக்கி, படிகத்தின் மேல் செனான் விளக்கொளியைப் பாய்ச்சினார். படிகத்தில் ஆக்சிஜனும் பிளாட்டினத்தில் ஹைட்ரஜனும் குமிழியிட்டன. துத்தநாக ஆக்சைடு இவ்வாறு ஒளி பட்டால் கரைந்துபோகும்; ரூட்டைல் கரையவில்லை. இது 1972இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. மறு ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்து உலகின் கண்ணை இதன் பக்கம் திருப்பியது. ஃபுஜிஷிமா டைட்டானியம் தகடுகளைச் சுடரில் வாட்டி ஆக்சைடாக்கி வெயிலில் வைத்தபோது, ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 லிட்டர் ஹைட்ரஜன் கிடைத்தது. ஆற்றல் மாற்றுத்திறனோ 0.3% மட்டுமே.

காரணம் பொருளின் இயல்பிலேயே இருக்கிறது. இந்தக் குறைக்கடத்தியில் எலக்ட்ரானைக் கிளப்ப ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. புறஊதாக் கதிருக்குத்தான் அந்த வலிமை உண்டு. தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் அதன் பங்கு சுமார் 5%. கிளம்பிய எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் பெரும்பாலும் வினைபுரிவதற்குள் மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. தப்பிய துளைகள் நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்கும். கரிம மாசுகளைச் சிதைப்பவை அவை.

1977இல் ஃபிராங்க், பார்ட் ஆகியோர் நீரிலுள்ள சயனைடை இம்முறையில் சிதைத்துக் காட்டியதும் கழிவுநீர் ஆய்வுகள் பெருகின. ஆலைக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். பொடியாகக் கலந்தால் வினை வேகமாக நடக்கும், ஆனால் பின்னர் அதை வடிகட்டியாக வேண்டும். தகட்டில் ஒட்டவைத்தால் வடிகட்டும் வேலை மிச்சம், வேகமோ குறைந்துவிடும். சாயக் கழிவு போன்ற அடர்நிற நீரில் ஒளியே உள்ளே இறங்காது. தெளிந்த சாயக் கரைசலில் செய்த சோதனையை வைத்து ஆலைக்குக் கணக்குப் போடுவது சரிப்படாது.

வணிக வெற்றி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. புறஊதாக் கதிர் பட்ட டைட்டானியம் டைஆக்சைடு படலத்தில் நீர் துளியாக நிற்காமல் பரவுவதை 1997இல் ஜப்பானியக் குழு ஒன்று அறிவித்தது. 2001இல் பில்கிங்டன் நிறுவனம் தானே தூய்மையாகும் ஜன்னல் கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2003இல் ரோமில் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெண்ணிறச் சுவர்களில் ஒளிவினையூக்கச் சிமென்ட் பயன்பட்டது. மெல்லிய அழுக்கு, நாள் முழுக்க வெயில், அவசரமில்லாத வேலை என மூன்றும் அங்கே பொருந்திவந்தன.

கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பயன்படுத்தும் முயற்சியில் 2001இல் நைட்ரஜன் கலந்த டைட்டானியம் டைஆக்சைடும், 2009இல் உலோகமே இல்லாத கார்பன் நைட்ரைடும் வந்தன. நீரைப் பிளக்கும் ஆய்வில் கசுனாரி டோமனின் குழு ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் பூசிய 100 சதுர மீட்டர் பலகைகளைத் திறந்தவெளியில் இயக்கி, 2021இல் முடிவை வெளியிட்டது. பிரித்தெடுத்த ஹைட்ரஜனில் சேர்ந்த சூரிய ஆற்றல் அதிகபட்சம் 0.76%. இம்முறை பெரிய அளவிலும் பாதுகாப்பாக இயங்கும் என்பதை அந்தச் சோதனை காட்டியது. எரிபொருளாக விலைபோக இந்தத் திறன் போதாது.