தரங்கம்பாடிக் கோட்டையும் தேவாலயங்களும்

சோழநாட்டுக் கடற்கரையில், காரைக்காலுக்கு வடக்கே அமைந்துள்ள தரங்கம்பாடி, இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1620 முதல் 1845 வரை டேனியரின் ஆளுகையிலிருந்த துறைமுகப்பட்டினமாகும். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு மன்னருக்கு அனுப்பிய பொன்னோலை கோபன்ஹேகனில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது.

1792-இல் எழுப்பிய நகரவாயிலைக் கடந்து ராஜவீதி வழியே கிழக்கே நடந்தால், கடலுக்கு முகங்காட்டி நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டையை அடையலாம். நாயக்கரோடு டேனியர் உடன்படிக்கை செய்துகொண்ட 1620-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய இக்கோட்டையின் கீழ்த்தளம் பண்டகசாலைக்கும் சமையலுக்கும் சிறைக்கும் பயன்பட, மேல்தளத்தில் அதிபதியும் பாதிரியாரும் வசித்தனர். மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இப்போது அங்கு நடைபெறுகிறது.

கோட்டையோடு திரும்பிவிடுபவர் ஊரின் சரித்திரத்தில் பாதியையே கண்டவராவர். டென்மார்க்கின் நான்காம் பிரெடெரிக் மன்னர் அனுப்பிய சமயப் பரப்பாளர்களான சீகன்பால்கும் புளூட்சாவும் 1706 ஜூலையில் கரையிறங்கியபோது, வாணிபத்திற்கு இடையூறாவரென்று அஞ்சிய கோட்டைத் தலைவர் அவர்களை வரவேற்கவில்லை. வரவேற்காததோடு நில்லாமல், 1708-இன் இறுதியில் சீகன்பால்கைக் கோட்டைக்குள்ளேயே நான்கு மாதம் சிறைவைத்தார். ஒரே அரசனின் வாணிபமும் சமயமும் ஒரே வீதியில் இவ்வாறு பகைத்து நின்றது விநோதமே. சிறைமீண்ட சீகன்பால்கு பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சியந்திரத்தைக்கொண்டு புதிய ஏற்பாட்டைத் தமிழில் வெளியிட்டார். மிளகு ஏற்றிய கப்பல்களை மறந்த தமிழுலகம் அந்த அச்சுக்கூடத்தை மறக்கவில்லை.

ராஜவீதியிலுள்ள இரு ஆலயங்களுள் 1701-ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம் டேனியருக்காக எழுந்தது. சீகன்பால்கு தமிழ்ச் சபையாருக்காக முதலில் கட்டிய எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்கு ஈடாக 1718-இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவானது. அதன் முகப்பில், கிரீடத்தின்கீழ் பிரெடெரிக் மன்னரின் முத்திரையெழுத்துகள் பின்னிக்கிடப்பதை அண்ணாந்து பார்த்தல் வேண்டும். பீடத்தின் முன்னே, 1719 பிப்ரவரியில் மறைந்த சீகன்பால்கின் கல்லறை உள்ளது.

கடற்கரையிலேயே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியன் குலசேகரன் காலத்தது. கோட்டைக்கு முந்நூறாண்டு மூத்தது. அதன் பெரும்பகுதியை அலைகள் விழுங்கிவிட்டன. கோட்டை மட்டும் பார்க்க வருவோர் பலரும் இதனைப் பாராமலே போய்விடுவது வருந்தத்தக்கது.

1845-இல் டேனியர் தம் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுச் சென்றனர். புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழ் வழிபாடு இன்றும் நடைபெறுகிறது.