கரி பிடிக்கும் வால்வு: எல்லையோரத்து லாரித் தொழிலின் ஒரு சரித்திரம்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளையும் எளாவூர்ச் சோதனைச் சாவடியையும் கடந்து, ஆந்திரத்துத் தடாவை எட்டுவதற்குச் சற்று முன்பாக வரும் ஆரம்பாக்கம், ஆதியில் ராஜ்யங்களின் எல்லையூர் அன்று. வடக்கே நெல்லூர் ஜில்லாவும் தெற்கே செங்கற்பட்டு ஜில்லாவும் ஒரே சென்னை மாகாணத்தின் அங்கங்களாக இருந்த காலத்தில், நெல்லூர் அரிசியை ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கி வந்தவனுக்கு, ஓர் அரசை விட்டு வேறோர் அரசுக்குள் நுழைகிறோம் என்ற எண்ணத்துக்கே இங்கே இடமில்லை. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர ராஜ்யம் தனியே பிரிந்த பின்னரே எல்லை வந்தது. எல்லையோடு சாவடியும், சாவடியோடு லாரி வரிசையும், வரிசையை நம்பிப் பிழைக்கும் சாப்பாட்டுக் கடை, பஞ்சர் கடை, மெக்கானிக் பட்டறை முதலியனவும் வந்தன. இப்பட்டறைகளுக்கு அண்மைக் காலத்தில் ஓயாத வேலையையும் ஓயாத தலைவலியையும் கொடுத்துவரும் ஓர் உறுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஈ.ஜி.ஆர். வால்வு என்று அதற்குப் பெயர்.

லாரிக்கும் கரிக்கும் உள்ள உறவு புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, உருளை வடிவமான அடுப்பொன்றை முதுகில் சுமந்து, மரக்கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவினால் ஓடிய கரி பஸ்களும் லாரிகளும் நம் சாலைகளில் ஊர்ந்தன. வடிகட்டியிலும் குழாயிலும் படிந்த தூளை நாள்தோறும் தட்டித் துடைக்காவிட்டால், அவை ஒரு சிறு மேட்டைக்கூட ஏற மறுத்தன. யுத்தம் முடிந்து, 1948-இல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகப் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி டீசல் லாரிகளில் பெயர் பெற்றது. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, ஜெர்மானிய பாஷ் கம்பெனியின் துணையோடு பம்பையும் நாசிலையும் உள்நாட்டிலேயே செய்தது. அப்போது சாலையோரத்தில் தோன்றிய மெக்கானிக் பரம்பரைக்குப் புகையே பாடப் புத்தகமாயிற்று. கறுப்பாக வந்தால் நாசிலையோ பம்பையோ காற்று வடிகட்டியையோ பார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெண்மையாக நீடித்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார். சைலன்ஸரின் வாயைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடும் அந்தச் சாமர்த்தியம், பள்ளிக்கூடம் எதுவும் கற்பிக்காத ஒரு சாஸ்திரம் என்றே சொல்ல வேண்டும்.

அந்தச் சாஸ்திரத்துக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்; சாதாரண உஷ்ணத்தில் எதனோடும் சேராமல் சாதுவாக இருக்கும் இவ்வாயு, டீசல் யந்திரத்தின் உள்ளே சுவாலை 1,500 பாகை செல்சியஸையும் தாண்டும்போது, பிராணவாயுவோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகிறது. சைலன்ஸரின் வாயில் கண்ணுக்கு அகப்படாத இவ்விஷம் வெயிலில் என்ன செய்கிறது என்பதை, 1950-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கண்ணெரிக்கும் மூடுபனியை ஆராய்ந்த ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன நிபுணர் விளக்கினார். பரிகாரமாகக் கிடைத்த உபாயம் விசித்திரமானது: எரிந்து முடிந்து பிராணவாயு குறைந்த கழிவுப் புகையில் ஒரு பங்கைத் திரும்ப யந்திரத்துக்குள்ளேயே விட்டால், சுவாலையின் உச்ச உஷ்ணம் தணிகிறது, உஷ்ணம் தணிந்தால் அந்த ஆக்ஸைடுகளும் குறைகின்றன. எவ்வளவு புகை, எப்போது உள்ளே போகலாம் என்று தீர்மானிக்கும் கதவுதான் நம் வால்வு. அமெரிக்கக் கார்களில் 1970-களில் பரவிய இவ்வேற்பாடு, புகையைத் தண்ணீரால் குளிரவைக்கும் கூலரோடு சேர்ந்து, அந்நாட்டுக் கனரக லாரிகளில் 2002 வாக்கில் வேரூன்றியது.

இந்தியாவுக்கு இது தாமதமாக வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. கந்தகம் மிகுந்த டீசலின் புகையைக் குளிரவைத்தால் அமிலம் ஊறிக் கூலரையே அரித்துவிடும். பத்து லட்சம் பங்கில் 50 பங்குக்கு மேல் கந்தகமில்லாத டீசல் முதலில் கிடைத்தாக வேண்டும். 2010-இல் சென்னை உள்ளிட்ட சில நகரங்களுக்கு மட்டும் வந்த பாரத் ஸ்டேஜ் 4 விதி, 2017 ஏப்ரல் முதல் நாள் தேசம் முழுவதற்கும் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 29-இல், பழைய ரக வண்டிகளை இனி விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாகாமல் தேங்கி நின்றன. கனரக யந்திரங்களுக்கான நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பு, ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 5 கிராமிலிருந்து 3.5 கிராமாக இறங்கிற்று. பெரிய லாரிகளில் யூரியாக் கரைசலைத் தெளித்துப் புகையைச் சுத்திகரிப்பது ஒரு மார்க்கம். எண்ணூரில் பிறந்த கம்பெனியோ 400 குதிரைசக்தி வரையிலும் ஈ.ஜி.ஆர். மார்க்கமே போதும் என்று அறிவித்தது.

இவ்வாறாக வால்வு ஆரம்பாக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. 'செக் லைட் எரியுது, புல்லிங் இல்லை, மேடு ஏறினா கரும்புகை தள்ளுது' என்று டிரைவர் வந்து நிற்பார். கழற்றிப் பார்த்தால், உள்ளங்கையில் அடங்கும் அந்த உறுப்பின் தண்டும் தட்டும் தெரியாத அளவுக்குக் கரி அப்பியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சுரண்டி, துடைத்து மாட்டினால் வண்டி ஓடும். சில மாதங்களில் அதே லாரி அதே புகாரோடு திரும்பி வரும். புதிய வால்வையே வாங்கிப் போட்டாலும் முடிவு மாறாது. என் அபிப்பிராயத்தில் பிழை வால்வில் இல்லை, அதைத் தனி உறுப்பாகப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. கைதேர்ந்த மெக்கானிக் சுரண்டுவதற்கு முன்பாக அந்தக் கரியை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கிறார்: மை போல உலர்ந்து உதிர்ந்தால், நாசில் சொட்டுகிறது, அல்லது டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்து காற்று போதவில்லை; தார் போல ஒட்டிப் பிசுபிசுத்தால், டர்போவின் சீலோ கிராங்க் அறையின் ஆவிக் குழாயோ ஆயிலைக் கக்குகிறது; அடைசலில் ஈரமும் இருந்து, ரேடியேட்டரில் கூலன்ட்டும் காரணமின்றிக் குறைந்துவந்தால், கூலர் உள்ளே கசிகிறது. இவற்றில் எது என்று அறியாமல் வால்வை மட்டும் கழுவி அனுப்புவது, அதே வேலையைத் தவணை முறையில் செய்வதேயாகும்.

வண்டி ஓடும் விதமும் இதில் சேரும். சுமையில்லாமலும் மெதுவாகவும், யந்திரம் நன்றாகச் சூடேறாமலும் ஓடுகையில், ஈர விறகு வைத்த அடுப்பைப் போல் அது முழுமையாக எரிக்காமல் கரியை அதிகமாக உண்டாக்குகிறது. வரிசையில் நின்றபடி மணிக்கணக்காக யந்திரத்தை உறுமவிடும் எல்லைச் சாவடியைக் காட்டிலும் இவ்வால்வுக்கு விரோதமான இடம் வேறில்லை. ஆனால் சரித்திரம் இங்கே சற்று வேடிக்கை செய்திருக்கிறது: வால்வு தேசமெங்கும் கட்டாயமாகப் பரவத் தொடங்கிய அதே 2017-இல், ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. அமலுக்கு வர, வணிகவரிச் சாவடிகள் எடுபட்டு, அரை நூற்றாண்டுக்கு மேலாக நின்ற வரிசை பெரிதும் கரைந்தது. மிஞ்சிய தொல்லை, கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிவந்து, வாயிலில் காத்து நின்று, குறுகிய டிரிப்புகளாகவே ஓடும் உள்ளூர் வண்டிகளைத்தான் பிடித்திருக்கிறது.

பொறுமை இழந்த முதலாளிகள் கண்ட சிகிச்சை ஒன்று உண்டு: வால்வின் வாயில் ஒரு தகட்டை வெட்டி அடைத்து, கம்ப்யூட்டரையும் ஏமாற்றிவிடுவது. கரி போயிற்று, புல்லிங் வந்தது, புகையும் தெளிந்தது! கம்பெனி அமைப்பை இப்படி மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பது உண்மையே. ஆயினும் புகைச் சான்றிதழ் கொடுக்கும் நிலையத்தில் டீசல் வண்டியின் புகை எவ்வளவு அடர்த்தி என்று மட்டுமே அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதில்லை. ஆகையால் தகடு போட்டுக் காற்றைக் கெடுப்பவன் சுலபமாகத் தேறுகிறான்; சட்டப்படி வால்வை வைத்துக்கொண்டு அதன் கரியோடு மல்லாடுபவனே சான்றிதழுக்கு அஞ்சி நிற்கிறான். பார்வையில் படுவதையே குற்றமாகக் கொண்ட பழைய மெக்கானிக்கின் சாஸ்திரத்தை அரசாங்கமும் கைக்கொண்டிருப்பது எனக்கு விசனமாகவே இருக்கிறது.

2020 ஏப்ரலில், ஐந்தாம் கட்டத்தைத் தாண்டிக் குதித்து வந்த பாரத் ஸ்டேஜ் 6, இந்தத் தகட்டு வைத்தியத்துக்கு நேரடியாகவே வழியடைத்தது. கனரக யந்திரங்களுக்கு வரம்பு 0.4 கிராமளவுக்கு இறங்கியதோடு, யூரியாவும் கரிவடிகட்டியும் வந்து சேர்ந்தன; ஈ.ஜி.ஆர். வால்வின் செயல் தடைப்படுகிறது என்று உணர்ந்தால், வண்டி முதலில் எச்சரித்து, பின்னர் தன் இழுவையைக் குறைத்து, இறுதியில் தவழும் வேகத்துக்கே இறங்கிவிடுகிறது. அத்தகைய லாரியைத் தகடு கேட்டு ஓட்டி வருபவனிடம், முதலில் ஸ்கேனரை மாட்டிவிட்டு நாசிலையும் டர்போவையும் பார்த்தாக வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனைக்கான கூலியைப் பற்றிய பேரம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது.