இரண்டில் ஒன்று

1994இல் எங்கள் தோட்டத்துக்கு வந்த கடிதத்தை நான்தான் மொழிபெயர்த்தேன். அப்போது எனக்குப் பதினாலு வயது. படிவம் இரண்டு.

தோட்டம் கைமாறப்போகிறது, வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்ற பேச்சு ஓராண்டாகவே இருந்தது. ஆங்கிலம் தெரிந்த கிராணி முந்தைய ஆண்டே ஓய்வுபெற்றுப் பட்டணம் போய்விட்டார். கடிதமோ வழக்கறிஞர் அலுவலகத் தாளில், முழுக்க ஆங்கிலத்தில். கோயில் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, அப்பா அதை என்னிடம் நீட்டினார்.

“படிச்சு சொல்லு தம்பி. எந்த வீட்டையெல்லாம் காலி பண்ணச் சொல்றாங்க?”

செம்மண் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு லயம், அந்தப் பக்கம் ஒரு லயம். சாலையின் ‘ஈதர் சைட்’டில் உள்ள வீடுகளை மூன்று மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. ஈதர் எனக்குத் தெரிந்த சொல். பள்ளியில் அப்போதுதான் நடத்தியிருந்தார்கள். ஈதர் என்றால் இரண்டில் ஏதாவது ஒன்று. நீதர் என்றால் இரண்டில் ஒன்றுகூட இல்லை. பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன்.

“ரெண்டு பக்கத்துல ஏதாவது ஒரு பக்கம்தான்ப்பா. எந்தப் பக்கம்னு போடல.”

அன்று சாயங்காலமே சண்டை தொடங்கிவிட்டது. கோயில் நம் பக்கம் இருக்கிறது, அதனால் எதிர் லயத்தைத்தான் உடைப்பார்கள் என்றார்கள் எங்கள் பக்கத்தில். தண்ணீர்த் தொட்டி எங்கள் பக்கம், அதை உடைக்க மாட்டார்கள் என்றார்கள் எதிர்ப்பக்கம். பட்டணத்தில் அப்பாவின் நண்பர் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார். “இருக்கட்டும், பொறுத்துப் பாப்போம்” என்று அப்பா முன்பணம் கொடுக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்துத் தொழிற்சங்கத்திலிருந்து வந்த ஒருவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ரெண்டு பக்கமும்தாங்க” என்றார். அந்த வாடகை வீடு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. “நீ படிச்சதத்தானே சொன்ன” என்றார். அதுதான் பிரச்சினை. நான் படித்ததைத்தான் சொன்னேன். பள்ளியில் சொன்னது தவறா, கடிதத்தில் எழுதியது தவறா என்ற கேள்வி நெடுநாள் என்னை விடவில்லை. விடை தேடிப் போனபோது, அந்தச் சிறு சொல்லுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக் கதை இருப்பது தெரிந்தது.

நமக்கு ஒருமையும் பன்மையும்தான். பழைய ஆங்கிலத்தில் இவற்றோடு இருமையின் மிச்சமும் இருந்தது. ‘நாம் இருவர்’ என்பதற்கு ‘வித்’, ‘நீங்கள் இருவர்’ என்பதற்கு ‘யித்’ என்று தனிச் சொற்கள். 13ஆம் நூற்றாண்டோடு இவை வழக்கொழிந்தன. ஆனால் இரண்டை மட்டுமே எண்ணும் வேறு சில சொற்கள் தங்கிவிட்டன. இன்று ‘ஆமா, இல்லையா’ என்ற பொருளில் வரும் ‘வெதர்’ அன்று ‘இரண்டில் எது’ என்று கேட்கும் சொல். சமஸ்கிருதத்தின் ‘கதர’ அதன் தூரத்துச் சொந்தம். அதற்கும் இதே பொருள்தான்.

இந்த வெதரிலிருந்து பிறந்ததுதான் ஈதர். ‘எப்போதும்’ என்ற பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்து ‘ஆக்வெதர்’ என்றார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் சரி, அதாவது இதுவும் அதுவும், ஒவ்வொன்றும். அது சுருங்கி ‘ஆய்தர்’ போல ஒலித்து, பிறகு ஈதர் ஆனது. ஆக, அந்தச் சொல்லின் முதல் பொருள் ‘இரண்டும்’தான். ‘ஏதாவது ஒன்று’ என்பதற்கு ‘அவ்தர்’ போன்ற வடிவங்களில் வேறொரு சொல் இருந்தது. உருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி. ஏறக்குறைய 14ஆம் நூற்றாண்டிலிருந்து அதன் வேலையையும் ஈதரே எடுத்துக்கொண்டது. ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கொன்று முட்டும் இரண்டு பொருள்கள் வந்தது இப்படித்தான்.

நீதர் முதலில் ‘நவ்தர்’ போல இருந்தது. ஈதரைப் பார்த்துத் தன் உயிரெழுத்தை மாற்றிக்கொண்டது. ‘ஆர்’, ‘நார்’ என்ற குட்டிச் சொற்களும் இந்தக் குடும்பத்தின் பழைய இணைப்புச் சொற்கள் தேய்ந்து வந்தவையே. ஈதர் வந்தால் ஆர், நீதர் வந்தால் நார் என்று மனப்பாடம் செய்தோமே, அது ஒலிப்பொருத்தம் மட்டுமல்ல, ஏறக்குறைய உறவுமுறை.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் இரண்டு பொருள்களும் அருகருகே வாழ்கின்றன. இஸ்ரவேலின் ராஜாவும் யூதாவின் ராஜாவும் அவரவர் சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லும் இடத்தில் ஈதர். ஆரோனின் மகன்கள் இருவரும் தத்தம் தூபகலசத்தை எடுத்தபோதும் ஈதர். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் ஜீவவிருட்சம் ஆற்றின் இரு கரையிலும் நிற்கிறது. அங்கேயும் ‘ஈதர் சைட்’. அதைப் படித்து யாரும் எந்தக் கரை என்று சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

சண்டையைத் தொடங்கியவர்களில் ஒருவர் ராபர்ட் லோத். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் லண்டன் பேராயர். 1762இல் அவர் வெளியிட்ட சிறிய ஆங்கில இலக்கண நூலின் அடிக்குறிப்புகள் பெரிய எழுத்தாளர்களின் பிழைகளால் நிறைந்தவை. ஷேக்ஸ்பியர், மில்டன் யாரும் தப்பவில்லை, பைபிளும் தப்பவில்லை. ‘ஒவ்வொருவரும்’ என்ற பொருளில் ஈதரை எழுதுவது பிழை, அது இரண்டில் ஒன்றை மட்டுமே குறிக்கும் என்றார். சொல்லின் மூத்த பொருளையே பிழை என்று அடித்துவிட்டார்.

1795இல் லிண்ட்லி முர்ரே தன் இலக்கண நூலில் இதை அப்படியே எடுத்தாண்டார். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய வழக்கறிஞர் அவர். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதிய அந்த நூல் கணக்கில்லாத பதிப்புகள் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளி இலக்கணங்கள் அதன் வழியில் வந்தன. என்னுடைய பத்துக்குப் பத்தும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் விதி எழுதியதால் சொல் செத்துவிடவில்லை. 1832இல் டென்னிசன் ‘லேடி ஆஃப் ஷாலட்’ கவிதையை ஆற்றின் இரு கரையையும் காட்டித்தான் தொடங்கினார். முதல் வரியிலேயே ஈதர் இருக்கிறது. பக்கம், கரை, முனை, கை போன்ற சொற்களுக்கு முன்னால் பழைய பொருள் இன்றும் பிழையில்லாத ஆங்கிலம். பேச்சில் ‘இரண்டும்’ என்பதற்கு ‘போத்’ வந்து உட்கார்ந்துவிட்டது. கடிதங்களிலும் ஆவணங்களிலும் ஈதர் தங்கிவிட்டது. ஆக, அந்த வழக்கறிஞர் எழுதியதில் பிழை இல்லை. படிக்கப்போவது யார் என்று அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீதருக்கு வேறு தலைவலி. அது ஒருமையா, பன்மையா? ஃபௌலர் 1926இல் வெளியிட்ட தன் பயன்பாட்டு அகராதியில் ஒருமைதான் என்றார். ‘இருவரில் ஒருவரும் இல்லை’ என்று எழுதும்போது ‘இஸ்’தான் வர வேண்டும், ‘ஆர்’ கூடாது. பள்ளித் தேர்வில் இன்றும் அதுவே பாதுகாப்பு. பேச்சில் ஆங்கிலேயர்களே பன்மை போடுகிறார்கள். நம் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுவதற்குக் காரணம் மந்தமில்லை. ‘அவனும் இல்லை, இவனும் இல்லை’ என்கிறோம். ‘அவர்கள் இல்லை’ என்கிறோம். தமிழின் ‘இல்லை’ ஒருமை பன்மை பார்ப்பதில்லை. அதேபோல ‘இரு பக்கமும்’ என்று ஓர் ‘உம்’ போட்டுவிட்டால் நமக்குக் குழப்பமே கிடையாது. என் கையில் இருந்த கடிதத்தில் அந்த ‘உம்’ எங்கே ஒளிந்திருந்தது என்று பதினாலு வயதில் எனக்குத் தெரியவில்லை.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் இந்தக் கதையையெல்லாம் சொன்னேன். லோத்தையும் முர்ரேயையும் அவர் கண்டுகொள்ளவில்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப அன்னிக்கு நீ சொன்னது சரியா, தப்பா?”

“ரெண்டும்தான்ப்பா.”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எதிர் லயத்து மாமாகிட்ட ஒன்றரை மாசம் பேசாம இருந்தேன்டா. அந்தாளு போயி ஆறு வருசமாச்சு” என்றார்.